சீசன் முழுக்க முன்னாடி ஓடுற டீம் கடைசில ஏன் சொதப்புது? 2022-23 ஆர்சனல் கதை

எல்லாரும் உடனே "பிரஷர் தாங்கல"ன்னு சொல்லிடுவாங்க, பாதிதான் உண்மை. இங்கிலீஷ் பிரீமியர் லீக் ஃபுட்பால் டீம் ஆர்சனலையே எடுத்துக்கோங்க, 29 மேட்ச்ல 72 பாயிண்ட், ஏப்ரல் 1 அன்னைக்கு மான்செஸ்டர் சிட்டியை விட 8 பாயிண்ட் முன்னாடி (சிட்டிக்கு ஒரு மேட்ச் பாக்கி இருந்துச்சு, அதை யாரும் கண்டுக்கல). மிச்ச 9 மேட்ச்ல வந்தது வெறும் 12 பாயிண்ட்.

என்னைக் கேட்டா பெரிய அடி மார்ச்லயே விழுந்துடுச்சு, ஸ்போர்ட்டிங் லிஸ்பன் மேட்ச்ல டிஃபெண்டர் சலீபாவுக்கு முதுகுல அடி, அன்னைக்கே இன்னொரு டிஃபெண்டர் டொமியாசுவும் அடிபட்டு காலி. சலீபா வேகமா ஓடி கவர் பண்ணுவாருன்ற தைரியத்துலதான் மொத்த டீமும் மேல ஏறி நின்னு ஆடுச்சு, பதிலா வந்த ஹோல்டிங்குக்கு அந்த ஸ்பீடு கிடையாது.

வெஸ்ட் ஹாம் மேட்ச் பாத்தீங்கன்னா 2-0 முன்னாடி, அப்புறம் 2-1, அப்போ ஒரு பெனால்டி கிடைக்குது, ஆர்சனலோட சாகா அதை வெளிய அடிச்சாரு, கொஞ்ச நேரத்துலயே வெஸ்ட் ஹாமோட போவன் கோல் போட்டு 2-2. அதுக்கு முந்தின வாரம் லிவர்பூல்கிட்டயும் இதே 2-0, இதே 2-2! அடுத்து கடைசி இடத்துல கிடந்த சவுத்தாம்ப்டன் முதல் நிமிஷத்துலயே கோல் அடிக்குது, ஆர்சனல் கோல்கீப்பர் ராம்ஸ்டேல் பாஸை நேரா எதிராளி கால்ல குடுத்துட்டாரு, அந்த மேட்ச் 3-3.

அப்புறம் சிட்டிகிட்ட 4-1 உதை. அந்தப் பக்கம் சிட்டி லீக்ல தொடர்ச்சியா 12 மேட்ச் ஜெயிச்சுட்டு வந்தாங்க, அதையும் சேர்த்துதான் பாக்கணும், கடைசில சிட்டி 89 பாயிண்ட், ஆர்சனல் 84.