கிளைசெராவா, கோனியாடாவா?

கேள்வி: சேற்றுப்பகுதியில் எடுத்த கடற்புழுவின் தலை கூம்பாக, வளையம் வளையமாக இருக்கிறது. நுனியில் நான்கு குட்டி உணர்கொம்புகள். இது கிளைசெரிடே குடும்பமா, கோனியாடிடே குடும்பமா?
– விலங்கியல் முதுகலை மாணவி

பதில்: நீங்கள் சொல்லும் தலை இரண்டு குடும்பங்களுக்கும் பொது. அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். தொண்டைக்குழலை வெளியே வரவழைத்துத் தாடைகளைப் பாருங்கள். கிளைசெரிடே என்றால் குழலின் முனையில் சிலுவை வாக்கில் நான்கு கறுத்த கொக்கித் தாடைகள், நான்கும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். ஒவ்வொன்றோடும் நச்சுச் சுரப்பி இணைந்திருப்பதால் உயிருள்ள புழுவை இடுக்கியால் மட்டுமே எடுங்கள். கோனியாடிடேயில் ஒரு ஜோடி பெரிய தாடையும், அதோடு வட்டமாக அமைந்த பொடித் தாடைகளும் இருக்கும். கோனியாடா பேரினத்தில் குழலின் அடிப்பகுதியில் இருபுறமும் அம்புமுனை போன்ற துண்டுகள் வரிசையாகத் தெரியும். அதே குடும்பத்தின் இன்னொரு பேரினமான கிளைசிண்டேயில் அவை கிடையாது. ஆகவே அவை இல்லை என்பதற்காகக் கோனியாடிடேயை ஒதுக்கிவிட வேண்டாம்.

அடுத்து பக்கக்கால்கள். கோனியாடிடேயில் முன்னுடலில் ஒற்றைக் கிளையாகவும் பின்னுடலில் இரட்டைக் கிளையாகவும் இருக்கும். கிளைசெராவில் முதல் இரண்டு ஜோடி தவிர மற்றவை இரட்டைக் கிளை. சிக்கல் ஹெமிபோடியாவில்தான்: கிளைசெரிடேயைச் சேர்ந்ததாக இருந்தும் அதற்கு உடல் முழுக்க ஒற்றைக் கிளை. சல்லடையில் அறுந்துபோன முன்பாதி மட்டும் கையில் இருந்தால் கோனியாடா என்றே தோன்றும். அப்போது தாடை பார்க்காமல் பெயர் எழுதுவது தவறு.

குழல் வெளிவராததற்குப் பெரும்பாலும் காரணம், புழுவை நேராக ஆல்கஹாலில் போடுவது. உடல் சுருங்கிக் குழல் உள்ளேயே இறுகிவிடும். ஒரு லிட்டர் நன்னீரில் 75 கிராம் மெக்னீசியம் குளோரைடு படிகம் கரைத்து, அதைச் சம அளவு கடல்நீரோடு கலந்து, அசைவு நிற்கும்வரை புழுவை அதில் வையுங்கள். பிறகு தலைக்குப் பின்னால் மென்மையாக அழுத்தினால் குழல் வரும். வந்த நிலையிலேயே ஒரு பங்கு ஃபார்மலினும் ஒன்பது பங்கு கடல்நீரும் கலந்த கரைசலுக்கு மாற்றுங்கள். ஓரிரு நாள் கழித்து நன்னீரில் அலசி 70% எத்தனாலில் வைக்கலாம். டிஎன்ஏ வேண்டுமானால் ஃபார்மலினுக்கு முன்பே வாலில் ஒரு துண்டை வெட்டி 95% எத்தனாலில் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே சுருங்கிய மாதிரி என்றால், முன்னுடலை நீளவாக்கில் கீறித் தாடைகளைத் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி: நீரிஸ், பெரிநீரிஸ் என்ற கடற்புழுப் பேரினங்களை எப்படிப் பிரிப்பது?
– கல்லூரி ஆய்வக உதவியாளர்

பதில்: இங்கும் குழல் வெளியே வந்தாக வேண்டும். வாயருகே உள்ள வளையத்தின் மேல்புறத்தில், நடுப்பகுதிக்கு இருபுறமும், குழலின் பகுதிகளுக்குத் தரும் எண்வரிசையில் 6-ஆம் பகுதி எனப்படுவதைப் பாருங்கள். அங்குள்ள பொடிப்பற்கள் கூம்பு கூம்பாக இருந்தால் நீரிஸ் பக்கம் செல்லலாம். குறுக்குப்பட்டையாக இருந்தால் பெரிநீரிஸ். நீரிஸ் என்று உறுதிசெய்ய, பின்னுடலின் மேல்கிளையில் குட்டையான அரிவாள்முனை முட்கள் இருக்கின்றனவா என்று நுண்ணோக்கியில் பாருங்கள்.