மெதுவான ஸ்விங்குக்கு சாஃப்ட் பந்துதான் சரியா?

கேள்வி: வயது 47. கோவையில் ஒன்றரை வருடமாக கால்ஃப் ஆடுகிறேன். ஹேண்டிகேப் (மைதானத்தின் கணக்குக்கு மேல் கூடும் அடிகள்) 24. டிரைவரில் (தூரம் அடிக்கும் பெரிய மட்டை) 190 யார்டு போகும், பாதி நேரம் வலது பக்கம் வளைந்து புதருக்குள் போய்விடும். கிளப்பில் ஒரு பெரியவர், “உன் வேகத்துக்கு சாஃப்ட் பந்துதான் ஆகும்” என்கிறார். கடைக்காரர் சிமுலேட்டரில் அடிக்கவைத்துப் பார்த்துவிட்டு, டூர் ஆட்டக்காரர்கள் (தொழில்முறையில் ஆடுபவர்கள்) ஆடும் பந்தை எடுங்கள் என்கிறார். குளத்திலிருந்து எடுத்த அதே பந்தை ஒருவர் 80 ரூபாய்க்குத் தருகிறார். எதை வாங்குவது? டிசம்பரில் ஊட்டியில் ஒரு போட்டி ஆடப் போகிறோம், அதற்குத் தனிப் பந்து வேண்டுமா? மஞ்சள் பந்து ஆடினால் சிரிப்பார்களா?

பதில்: மூன்று பேர் பேச்சையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். உங்கள் ஸ்கோர் கார்டை எடுங்கள். நல்ல நாளில் ஒரு ரவுண்டுக்கு 96 அடிப்பீர்கள். அதில் டிரைவர் கையில் ஏறுவது மிஞ்சிப்போனால் 14 தடவை. பட்டரில் உருட்டுவதில் 36, 38 போகும். மீதி நாற்பத்துச் சொச்சத்தில் நல்ல பங்கு கிரீனுக்கு (கொடி நடப்பட்ட மழித்த புல்தரை) பக்கத்தில் நின்றுகொண்டு தட்டியதும் சறுக்கியதும்தான். பந்தைத் தேர்ந்தெடுக்கும் இடமும் அதுதான். ஆனால் கடையில் உங்களை எங்கே நிறுத்துகிறார்கள்? திரைக்கு முன்னால், டிரைவரோடு.

டிரைவரில் அடிக்கும்போது வேலை செய்வது பந்தின் உள்ளே இருக்கும் ரப்பர் கரு. விதிப்படி எந்தப் பந்தும் 45.93 கிராமுக்கு மேல் எடை இருக்கக்கூடாது, 42.67 மில்லிமீட்டருக்குக் குறைவாக விட்டம் இருக்கக்கூடாது, எவ்வளவு வேகமாகத் தெறிக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. எல்லாக் கம்பெனியும் அந்த வரம்பை ஒட்டியே செய்கிறது. அதனால் உங்கள் வேகத்தில் பந்துக்குப் பந்து வித்தியாசம் சில யார்டுதான். உங்கள் ஸ்விங்கோ அடிக்கு அடி பதினைந்து யார்டு மாறும். சிமுலேட்டரில் மூன்று அடி அடித்து “பாருங்க சார், ஏழு யார்டு கூடுது” என்று காட்டினால், கூடியது பந்தால் இல்லை.

பெரியவர் சொன்னதும் பழைய கதை. கம்ப்ரஷன் என்பது பந்து எவ்வளவு கெட்டி என்பதற்கான எண். சாஃப்ட் பந்துகள் 40, 50 என்று இருக்கும், டூர் பந்துகள் 90-ஐ ஒட்டி. மெதுவாக அடிப்பவரால் கெட்டிப் பந்தை அமுக்க முடியாது, அதனால் தூரம் போகாது என்பது வாதம். அமுக்காமல் யாரும் பந்தை அடிக்க முடியாது. இயந்திரக் கையை வைத்து அடித்துப் பார்த்த சோதனைகளில் சாஃப்ட் பந்து கொஞ்சம் மெதுவாகத்தான் வந்திருக்கிறது. மெதுவான ஸ்விங்கில் அந்த வித்தியாசமும் சுருங்கிவிடும். அடிக்கும்போது கையில் அந்த மெத்தென்ற உணர்வு பிடிக்கிறது என்றால் தாராளமாக ஆடுங்கள். தூரத்துக்காக வாங்காதீர்கள்.

சரி, எதைப் பார்ப்பது? உறையை. இரண்டு வகை போதும், மற்றதை மறந்துவிடுங்கள். ஒன்று அயனோமர் உறை: கெட்டி, விலை குறைவு, லேசில் கீறாது. கால்வே சூப்பர்சாஃப்ட், ஸ்ரிக்ஸன் சாஃப்ட் ஃபீல் எல்லாம் இந்த இனம். இன்னொன்று யூரிதேன் உறை: மெல்லியது, மிருதுவானது. வெட்ஜின் (பந்தைத் தூக்கி அடிக்கும் மட்டை) கோடுகளுக்கும் உள்ளே இருக்கும் கெட்டிப் படலத்துக்கும் நடுவில் இந்த உறை நசுங்கும்போது பந்து பின்னோக்கிச் சுழல்கிறது. கிரீனில் விழுந்து இரண்டு துள்ளு துள்ளி நிற்பது அதனால்தான். டைட்டிலிஸ்ட் ப்ரோ வி1 இந்த இனம். 2000-ல் வந்ததிலிருந்து எல்லோர் வாயிலும் அந்தப் பெயர்தான். விலை குறைவான ஸ்ரிக்ஸன் க்யூ-ஸ்டார் டூரும் இதே இனம்தான். ஆனால் பெட்டியில் “டூர்” என்றோ “சாஃப்ட்” என்றோ போட்டிருப்பதை வைத்து உறை இன்னதென்று முடிவு கட்டாதீர்கள். பெட்டியின் பின்பக்கம் உறை என்ன என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

வீட்டுப்பாடம் ஒன்று. இரண்டு இனத்திலும் மூன்று மூன்று பந்து எடுத்துக்கொண்டு கிரீனிலிருந்து இருபது அடி தள்ளி நில்லுங்கள். ஒரே வெட்ஜ், ஒரே இலக்கு. எந்தப் பந்து கொடியைத் தாண்டி ஓடுகிறது என்று பாருங்கள். பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பயிற்சி ரேஞ்சில் கிடக்கும் பந்தை வைத்து இதைச் செய்யாதீர்கள். அது அடி தாங்குவதற்காகவே செய்த வேறு பிறவி. இதில் எனக்குப் பெரிய எரிச்சல் ஒன்று உண்டு. ஒரு டஜன் பெட்டிக்குள் மூன்று மூன்றாக நான்கு ஸ்லீவ் (சின்ன டப்பா) இருக்கும். ஒரே ஒரு ஸ்லீவ் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், ஏதோ இட்லியைக் கிள்ளிக் கேட்ட மாதிரி பார்ப்பார்கள். டஜனாகத்தான் விற்பார்களாம். அப்புறம் மனிதன் எப்படிச் சோதித்துப் பார்ப்பது? ரேஞ்சில் நின்று அடிக்கும் இடங்களுக்குக் கொட்டுகிற காசில், சிப் செய்து (கிட்டத்திலிருந்து மெல்லத் தட்டி) பார்க்க ஒரு சின்ன கிரீன் கட்டித் தர பல கிளப்புகளுக்கு மனம் வருவதில்லை.

இப்போது அந்த 80 ரூபாய்ப் பந்து. தண்ணீருக்குள் ஒரு நாள் கிடந்ததா, ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்ததா என்று அதை விற்பவருக்கே தெரியாது. ஊறிய பந்து தூரத்தை இழக்கும். வெளியில் பார்த்தால் பளபளவென்றிருக்கும். அதைவிட மோசம் பெயிண்ட் அடித்த பந்து. பல வருடங்களுக்கு முன் ஒரு மைதானத்து வாசலில் நானே ஒரு பை வாங்கினேன். இருபது பந்து, எல்லாவற்றிலும் ஒரே பெரிய பிராண்டின் பெயர். வீட்டில் உட்கார்ந்து ஒன்றை நகத்தால் சுரண்டினேன். வெள்ளை, வாழைப்பட்டை மாதிரி உரிந்து வந்தது. அடியில் வேறொரு கம்பெனியின் எழுத்து. குழிகளைப் பார்த்தால் பாதிக்குப் பாதி பெயிண்ட் நிரம்பியிருந்தது. ஒரு பந்தில் முந்நூறிலிருந்து நானூறு குழிவரை இருக்கும், ஆழம் கால் மில்லிமீட்டர்தான். அந்தக் குழிகள் இல்லாத மொழுக்கைப் பந்து பாதித் தூரம்கூடத் தாண்டாது. அப்படியிருக்க அதில் பெயிண்டை ஊற்றினால் என்ன ஆகும்? ஒன்று மேலே ஏறும், இன்னொன்று சட்டென்று விழும், நீங்கள் உங்கள் ஸ்விங்கைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். ஆன்லைனில் பாதி விலைக்கு வரும் “புது” டூர் பந்தும் அப்படித்தான். யார் விற்கிறார் என்று தெரியாவிட்டால் தொடாதீர்கள். நம் பையைச் சுமந்து, புதரில் பந்து தேடிக் கொடுக்கும் கேடியிடம் வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர் கையில் இருப்பது இன்று காலை தொலைந்த பந்து. காசும் உழைத்தவருக்குப் போகிறது.

அந்த வலது பக்க வளைவை எந்தப் பந்தும் சரிசெய்யாது. நேராகப் போகும் பந்து என்று விளம்பரம் வரும். 1970-களில் போலாரா என்று ஒன்று வந்தது. நடுவில் ஆழமான குழி, இரு துருவத்திலும் ஆழம் குறைந்த குழி. நிஜமாகவே வளைவு குறைந்தது. அதனாலேயே பந்து எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பறக்க வேண்டும் என்று விதி வந்து, அது போட்டிக்கு ஆகாத பந்தாகிவிட்டது. ஒரு டஜன் டூர் பந்தின் காசை ஒரு கோச்சிடம் கொடுத்து, மட்டையைப் பிடிக்கும் கையைத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஆகவே உங்களுக்கு என் பதில்: ஒரு ரவுண்டில் நான்கைந்து பந்து தொலைக்கும்வரை அயனோமர் உறை போட்ட ஒரே ஒரு மாடல். ஒரே மாடல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இன்று ஒன்று, நாளை ஒன்று என்றால் சிப் எவ்வளவு ஓடும் என்பது கைக்குப் பழகாது. தொலைவது ஒன்றிரண்டாகக் குறைந்ததும் யூரிதேனுக்கு மாறுங்கள்.

ஊட்டி விஷயம் கொஞ்சம் நீளும், ஏனென்றால் அங்கே எல்லோரும் தடுமாறுகிறார்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால் பந்து கூடுதல் தூரம் போகும், 150 யார்டு அடிக்கும் ஐயர்ன் (இரும்பு மட்டை) 160 போகலாம். வளைவும் கொஞ்சம் குறையும், சந்தோஷம். ஆனால் டிசம்பர் காலையில் குளிர் இந்தக் கணக்கைக் கலைத்துவிடும். குளிர்ந்த ரப்பர் சோம்பேறி, தெறிக்காது. காரின் டிக்கியில் ராத்திரி முழுக்கக் கிடந்த பந்தோடு ஏழு மணிக்கு முதல் டீயில் (முதல் அடி அடிக்கும் இடம்) நின்றால், உயரம் கொடுத்ததில் ஒரு பகுதியைக் குளிர் பிடுங்கிக்கொள்ளும். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் அதே ஐயர்ன் கிரீனைத் தாண்டி ஓடும். பந்தை மாற்ற வேண்டாம், பையை ராத்திரி அறைக்குள் வையுங்கள். முதல் சில ஓட்டைகளில் வழக்கமான ஐயர்னையே எடுங்கள், வெயில் வந்ததும் அதைவிடத் தூரம் குறைவாகப் போகும் அடுத்த ஐயர்னை எடுங்கள். சிலர் ஃப்ளாஸ்க் வெந்நீரில் பந்தைப் போட்டுச் சூடாக்குவார்கள். அது விதி 4.2-க்கு விரோதம். அப்படி வேண்டுமென்றே சூடாக்கிய பந்தை அடித்தால் போட்டியிலிருந்தே வெளியேற்றம். அறையில் இருந்த பந்தை எடுத்துக்கொண்டு போவதை யாரும் கேட்க மாட்டார்கள்.

மஞ்சள் பந்தா? தாராளமாக ஆடுங்கள். மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டியை இரண்டு முறை ஜெயித்த பபா வாட்சன் 2017-ல் இளஞ்சிவப்புப் பந்தை வைத்துக்கொண்டு டூரில் ஆடினார். மேல்பூச்சில் பளபளப்பு இல்லாத, பளிச்சென்ற மஞ்சளாகப் பார்த்து எடுங்கள், புதருக்குள் கேடி கண்ணுக்குச் சட்டென்று படும்.