பழைய கதை, புதிய அச்சம்

கேள்வி: பழைய அறிவியல் புனைகதைகளையே திரும்பத் திரும்ப எடுத்தாள்வது கற்பனை வறட்சி அல்லவா?

பதில்: காட்சிப் பகட்டை மட்டும் புதுப்பிக்கும் மறுஆக்கங்களுக்காக நான் வாதாட மாட்டேன், ஆனால், தன் காலத்தின் கேள்வியோடு பழைய கதையை அணுகுபவரை அப்படிச் சொல்ல முடியாது. ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸின் 'உலகங்களின் போர்' (1898) நாவலில் செவ்வாய்வாசிகள் இங்கிலாந்தின் மீது படையெடுக்கிறார்கள். டாஸ்மேனியப் பழங்குடியினரை ஐரோப்பியர் அழித்ததைத் தொடக்கத்திலேயே நினைவூட்டி, ஆதிக்கம் செலுத்தியவர்களையே அடிபணிந்தவர்களின் நிலையில் நிறுத்திய கதை அது. 1938-இல் அமெரிக்க நாடக இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் அந்நாட்டு வானொலிக்காக அதை நாடகமாக்கியபோது, அச்சம் செய்தி அறிக்கையின் வடிவத்தில் வந்தது. நடன இசை சட்டென்று நிற்கிறது. அவசரச் செய்தி குறுக்கிடுகிறது. செவ்வாய்வாசிகளைச் சுமந்து நியூ ஜெர்சியில் விழுந்த உருளை வடிவக் கலத்தின் அருகிலிருந்து பேசும் செய்தியாளரின் குரல் பாதியில் அறுந்துபோக, சில நொடிகள் வெறும் மௌனம். அச்சிட்ட பக்கத்தில் அந்த மௌனத்துக்கு இடமே இல்லை.