அம்மாவை எழுந்து நிற்க விடுங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனபின் முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். பிசியோதெரபி முடிந்தபோது வாக்கர் பிடித்து நடந்தார். இப்போது நாள் முழுக்க வீல்சேர், டயபர். கேட்டால், "விழுந்துட்டா யார் பதில் சொல்றது?" என்கிறார்கள். மறுபடி நடப்பாரா?
– வாசகி, கோவை

பிசியோதெரபிஸ்ட் பதில்: அவர்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் உட்கார்த்தியே வைத்தால் தொடைத் தசை கரைந்து, விழும் ஆபத்து கூடத்தான் செய்யும். ஆரோக்கியமான முதியவர்களையே 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2007-ல் வெளியானது. கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை குறைந்திருந்தது.

முதலில், அந்தக் காலில் முழு எடை வைக்கலாமா என்று எலும்பு டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். இடுப்பு மூட்டை மாற்றியிருந்தால், எவ்வளவு குனியலாம் என்பதையும் கேளுங்கள். சீட்டைக் காட்டினால் இல்லத்து ஆட்களுக்கும் தைரியம் வரும்.

தனியாக உடற்பயிற்சி நேரம் கேட்க வேண்டாம், கழிவறைக்குப் போய் வருவதே போதும். கைப்பிடி உள்ள, சற்று உயரமான நாற்காலி வேண்டும். அம்மா நுனிக்கு நகர்ந்து, பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, கைப்பிடியை அழுத்தி எழட்டும். வாக்கரைப் பிடித்து எழக் கூடாது, அது சாய்ந்துவிடும். ஆயா அக்குளில் கைகொடுத்துத் தூக்கவும் கூடாது, தோள்மூட்டு போய்விடும். பக்கத்தில் நிற்கட்டும், அவசரப்படுத்தாமல். எழுந்ததும் தலைசுற்றல் இல்லை என்று பார்த்துவிட்டு அடி எடுத்து வைக்கலாம்.

அமெரிக்க முதியோர் இல்லங்களில் பிசியோதெரபி முடிந்தபின் நர்ஸும் உதவியாளர்களும் தொடரும் இந்த வேலைக்கு ஒரு கணக்கு உண்டு. நாளுக்கு 15 நிமிடமாவது செய்தால்தான் அந்த நாளைப் பதிவில் சேர்ப்பார்கள். அதைப் பிரித்தும் செய்யலாம். காலை, மதியம், மாலை ஐந்தைந்து நிமிடம் என்றால் எந்த இல்லமும் மறுக்காது என்றே நினைக்கிறேன்.

ஒருமுறை நடந்தவர் என்பதால் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. கழிவறை வரை போக முடிந்தாலே டயபர் குறையும், அம்மாவின் மனசுக்கு அதைவிடப் பெரிய மருந்து இல்லை. குதிகாலில் வார் உள்ள ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுங்கள். தொடை இடுக்கில் புதிதாக வலி வந்தாலோ, ஒரு கால் குட்டையாகத் தெரிந்தாலோ நடப்பதை நிறுத்தி உடனே எக்ஸ்ரே எடுங்கள்.