கோச் ஆகணும் என்கிறான்; வாத்தியார் படிப்பைப் பாருங்கள்

பின்லாந்தின் எஸ்போ நகரிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கணவருக்கு அங்கே மென்பொருள் வேலை. மகன் ஒன்பதாம் வகுப்பு. அந்த ஊரில் ஒன்பதாம் வகுப்போடு பொதுப் பள்ளி முடிகிறது. அடுத்து எங்கே என்பதற்குப் பிப்ரவரி, மார்ச்சில் விண்ணப்பம் போட வேண்டும். பையன், "மார்க்கு கனெர்வா மாதிரி முதல்ல பிளேயர், அப்புறம் கோச்" என்கிறானாம். கனெர்வா பின்லாந்துக் கால்பந்து அணியின் முன்னாள் பயிற்றுநர். கோயம்புத்தூரில் இருக்கும் தாய்மாமாவோ, "பந்து உதைக்கவா அவ்வளவு தூரம் போனீங்க? இங்க அனுப்புங்க, என்.ஆர்.ஐ. ஒதுக்கீட்டுல டாக்டர் ஆக்கிடலாம்" என்கிறார். அந்த அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது.

பதற வேண்டாம் அம்மா, பதினைந்து வயதில் எந்தக் கதவும் நிரந்தரமாக மூடிவிடாது. ஆறுதல் இவ்வளவுதான். இனி கணக்குக்கு வருவோம்.

உங்கள் அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் என்.ஆர்.ஐ. ஒதுக்கீட்டுக்கும் நீட் கட்டாயம். பின்லாந்தில் படித்த பிள்ளை அந்தப் பாடத்திட்டத்துக்கு முதலிலிருந்து தயாராக வேண்டும். அப்படியே இடம் கிடைத்தாலும் தனியார் கல்லூரியில் அந்த ஒதுக்கீட்டின் கட்டணம் ஆண்டுக்கு இருபது லட்சத்தைத் தாண்டும். படித்து முடித்து எஸ்போவுக்கே திரும்பி வந்தால், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பெற்ற மருத்துவப் பட்டம் என்பதால் மொழித் தகுதி, மேற்பார்வையில் பயிற்சிக் காலம், பிறகு தேர்வுகள் எல்லாம் முடித்த பிறகே முழு உரிமம். வீட்டை அடமானம் வைத்துச் செய்கிற இந்தச் செலவை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். லாட்வியாவின் ரீகா, எஸ்டோனியாவின் தார்த்து என்று பக்கத்து நாட்டு ஊர்களுக்குப் போய் மருத்துவம் படிக்கும் பின்லாந்துப் பிள்ளைகள் உண்டு. அதுவும் கட்டணப் படிப்புதான். இதையெல்லாம்விட ஒரு விஷயம்: உங்கள் நீண்ட கடிதத்தில் பையனுக்கு உயிரியல் பிடிக்கும் என்று ஒரு வரிகூட இல்லை. அதனால் மருத்துவத்தைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை. பொறியியல் பற்றி உங்கள் வீட்டுக்காரருக்கே என்னைவிட அதிகம் தெரியும்.

பையன் சொன்ன பெயருக்கு வருவோம். நீங்கள் அதை ரசிகனின் ஆசையாக மட்டும் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். ஒருவர் தன் வேலை வாழ்க்கையை எப்படி அமைத்துக்கொண்டார் என்பதற்கு அதில் நிறையச் செய்தி இருக்கிறது.

மார்க்கு கனெர்வா 1964இல் ஹெல்சிங்கியில் பிறந்தவர். தற்காப்பு ஆட்டக்காரர், பெரும்பாலும் எச்.ஜே.கே. கிளப்புக்கு ஆடினார். தேசிய அணிக்காக 59 ஆட்டங்கள், ஒரே ஒரு கோல். சுவரொட்டியில் படம் வருகிற நட்சத்திரம் இல்லை. பின்லாந்தில் ஐஸ் ஹாக்கிக்குத்தான் முதல் மரியாதை. அந்தக் காலத்து உள்ளூர்க் கால்பந்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கஷ்டம். அவர் தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சி பெற்றவர், பள்ளியில் பாடமும் எடுத்தவர். இந்தத் தகவலை உங்கள் மகன் சொல்லியிருக்க மாட்டான். அவன் பார்ப்பது 2019 நவம்பர் 15ஐ. அன்று லீக்டன்ஸ்டைனை 3-0 என்று வென்று பின்லாந்து ஆண்கள் அணி வரலாற்றிலேயே முதல் முறையாக ஒரு பெரிய போட்டிக்கு, யூரோ 2020 என்ற ஐரோப்பியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. கொரோனாவால் தள்ளிப்போன அந்தப் போட்டி 2021இல் நடந்தபோது, முதல் ஆட்டத்திலேயே டென்மார்க்கை கோபன்ஹேகனில் 1-0 என்று வென்றார்கள்.

அந்த நாளுக்கு முந்தைய வருடங்களைப் பாருங்கள். 2004இல் கனெர்வாவுக்குக் கிடைத்தது 21 வயதுக்குட்பட்டோர் அணி. அந்த இளைஞர்களை 2009 ஐரோப்பிய இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனார். சுவீடனில் நடந்த அந்தச் சுற்றில் இங்கிலாந்து, ஜெர்மனி, ஸ்பெயின் மூன்றிடமும் தோற்றார்கள். ஆனால் அங்கே ஆடிய டிம் ஸ்பார்வ்தான் யூரோவுக்குப் போன அணியின் தலைவர். அதன் பிறகு கனெர்வா தேசிய அணியில் உதவிப் பயிற்றுநர். 2011இல் தற்காலிகப் பொறுப்பு. நிரந்தரப் பதவி மிக்ஸு பாத்தெலைனெனுக்குப் போனது. 2015இல் மறுபடி தற்காலிகம்; பதவி சுவீடன்காரர் ஹான்ஸ் பாக்கேவுக்கு. 2016 முழுவதும் அணி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. டிசம்பரில் பாக்கேவை நீக்கிவிட்டு கனெர்வாவை அமர்த்தினார்கள். அப்போது அவருக்கு வயது 52. 2024இல் ஐரோப்பிய தேசிய அணிகள் மோதும் நேஷன்ஸ் லீகின் ஆறு ஆட்டங்களிலும் தோல்வி, பதவியும் முடிந்தது.

பையனிடம் இந்தப் பகுதியைத்தான் உட்கார்ந்து பேசுங்கள். தலைமைப் பயிற்றுநர் நாற்காலி என்பது நடு வயதில் வரலாம், வராமலும் போகலாம், வந்தாலும் ஒரு மோசமான இலையுதிர்காலத்தில் போய்விடலாம். இடையில் இருக்கும் நீண்ட வருடங்களுக்கு ஒரு தொழில் வேண்டும். அது பயிற்றுநர் வேலைக்கே உரம் போடுகிற தொழிலாக இருந்தால் இன்னும் நல்லது.

மேலே சொன்ன பாத்தெலைனென் வேறு ரகம். அப்பா மத்தி பாத்தெலைனெனும் தேசிய அணிக்கு ஆடியவர். மிக்ஸு இளம் வயதிலேயே ஸ்காட்லாந்தின் டண்டீ யுனைடெட் போய், அப்புறம் இங்கிலாந்து, பிரான்ஸ் என்று ஆடி, கௌடன்பீத் என்ற சின்ன கிளப்பில் நிர்வாகத்தைத் தொடங்கி, தாய்லாந்து, லாட்வியா, ஹாங்காங் வரை வேலை பார்த்தார். சூட்கேஸைப் பிரித்து வைக்கவே முடியாத வாழ்க்கை. அதற்கான அழைப்பு வெளிநாட்டு கிளப்பிலிருந்து வரும். வந்தால் அப்போது யோசிப்போம். தனியார் அகாடமிக்குப் பணம் கட்டி அந்த அழைப்பை வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால், ஒரு யூரோகூடக் கொடுக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், குறையாகச் சொல்வது போல ஒன்றை எழுதியிருக்கிறீர்கள்: தன் ஆட்டம் முடிந்த பிறகும் வீட்டுக்கு வராமல், கிளப்பில் ஏழு எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறான், அவர்களுக்கு என்ன விளையாட்டு வைக்கலாம் என்று நோட்டில் படம் போடுகிறான், படிக்கிற நேரம் வீணாகிறது என்று. அம்மா, கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். தான் ஆடுவதைவிட அடுத்தவரை ஆட வைப்பதில் இந்த வயதிலேயே ருசி கண்ட பிள்ளைகள் குறைவு. அந்த நோட்டைப் பிடுங்கி வைக்காதீர்கள்.

அவனுக்கு நான் சொல்லும் பாதை வகுப்பாசிரியர் பட்டம். பின்லாந்தில் ஒன்று முதல் ஆறாம் வகுப்பு வரை பாடம் எடுக்கும் நிரந்தர ஆசிரியருக்கு முதுகலைப் பட்டம் வேண்டும். இளங்கலை 180 பாடப்புள்ளி (கிரெடிட்), முதுகலை 120, மொத்தம் 300. ஐந்து வருடப் படிப்பு. ஹெல்சிங்கி, துர்க்கு, தம்பரே, யுவாஸ்கிலா, ஓலு, யோயன்சூ, ரோவனியெமி ஆகிய ஊர்களில் இருக்கிறது. "வாத்தியார் வேலையா" என்று மாமா உதட்டைப் பிதுக்குவார். அங்கே விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோர் இடம் கிடைக்காமல் திரும்புகிறார்கள், அவ்வளவு போட்டி என்று அவருக்குச் சொல்லுங்கள். முதல் கட்டம் பள்ளியிறுதி மதிப்பெண் அல்லது நுழைவுத் தேர்வு. இரண்டாம் கட்டத்தில் ஆளை நேரில் பார்த்து, இவர் பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுந்தவரா என்று சோதிக்கிறார்கள். சனிக்கிழமை தோறும் மைதானத்தில் பத்துப் பொடியன்களைச் சமாளித்த பையனுக்கு அந்த அறையில் பேச விஷயம் இருக்கும்.

உள்ளே போன பிறகு கல்வியியல், கணிதம், தாய்மொழி, இசை, கைவினை, உடற்கல்வி என்று ஆரம்பப் பள்ளியில் சொல்லித்தரும் எல்லாப் பாடத்தையும் எப்படிச் சொல்லித்தருவது என்று படிக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கே சொந்தமான பயிற்சிப் பள்ளிகள் உண்டு. ஹெல்சிங்கியில் வீக்கி என்ற பகுதியில் அப்படி ஒன்று இருக்கிறது. மாணவர் அங்கே நிஜ வகுப்பில் பாடம் எடுப்பார், மூத்த ஆசிரியர் பின்னால் உட்கார்ந்து பார்த்து, முடிந்ததும் பாடத்தைப் பிரித்து மேய்வார். ஒரு பயிற்றுநருக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி எனக்குத் தெரியவில்லை. ஒரே விஷயத்தைப் புரியாத பிள்ளைக்கு நான்கு விதமாகச் சொல்வது, இருபது பேரில் யார் வாடியிருக்கிறார் என்று கண்டுபிடிப்பது, நாற்பத்தைந்து நிமிடத்தைத் திட்டமிடுவது, மைதானத்திலும் இதே வேலைதான். படிக்கும்போதே விடுப்பில் இருக்கும் ஆசிரியருக்குப் பதிலாகப் போய்ச் சம்பாதிக்கலாம். வேலைக்குச் சேர்ந்த பிறகு வகுப்புகள் பிற்பகலில் முடிந்துவிடும், கிளப் பயிற்சி மாலையில். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் நடுப்பகுதி வரை பள்ளி விடுமுறை. பின்லாந்தில் கால்பந்துப் பருவத்தின் உச்சமும் அதே கோடைதான்.

பயிற்றுநர் உரிமங்களைப் பக்கத்திலேயே படிப்படியாக எடுக்கலாம். பின்லாந்துக் கால்பந்துச் சங்கம், ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏவின் சி, பி, ஏ உரிமப் படிப்புகளை நடத்துகிறது, உச்சியில் புரோ. முதல் படிக்குச் செலவு பெரிதில்லை, பல கிளப்புகள் தாங்களே ஏற்றுக்கொள்ளும், கேட்டுப் பாருங்கள்.

உடற்கல்வி ஆசிரியர் ஆக வேண்டும் என்றால் யுவாஸ்கிலா ஒன்றுதான் வழி. பயிற்றுநர் தொழிலையே ஆங்கிலத்தில் படிக்க வியெருமாக்கி என்ற ஊரில் ஹாகா-ஹேலியா கல்லூரியின் பட்டப்படிப்பு இருக்கிறது. அது நல்ல படிப்புதான், ஆனால் முதல் விருப்பமாக நான் சொல்ல மாட்டேன். விளையாட்டு கைவிட்டால் திரும்பிப் போக ஒரு வகுப்பறை அதில் இல்லை.

செலவு விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். மேல்நிலைப் படிப்பு, 2021 முதல் பாடநூல்கள் உட்பட, இலவசம். பல்கலைக்கழகக் கட்டணம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் மாணவர்களுக்கு. பெற்றோரின் வேலையால் தொடர் வசிப்புரிமை பெற்ற பிள்ளைக்கு, ஆங்கிலப் படிப்பானாலும், பொதுவாக அது கிடையாது. உங்கள் மகனின் வசிப்புரிமை அட்டையில் எந்த வகை உரிமம் என்று இன்றே எடுத்துப் பாருங்கள். ஆசிரியர் சம்பளம் மருத்துவர் சம்பளத்துக்குப் பக்கத்தில் வராது. ஆனால் கடனில்லாமல் தொடங்குகிறான்.

இதில் உண்மையான தடை மொழி. வகுப்பாசிரியர் படிப்பு பெரும்பாலும் அந்நாட்டு மொழியான பின்னிஷில்தான். பையன் பின்னிஷ் வழியில் படிக்கிறானா, ஆங்கிலப் பள்ளியிலா என்று நீங்கள் எழுதவில்லை. ஆங்கிலப் பள்ளி என்றால் இந்தப் பாதைக்கு அவன் இப்போதே பின்னிஷ் வழி லூகியோவுக்கு, அதாவது மேல்நிலைப் பள்ளிக்கு, மாற வேண்டியிருக்கும், அதுவும் மைதானத்துப் பேச்சு பின்னிஷ் போதாது. கட்டுரை எழுதுகிற அளவுக்கு வேண்டும். டியூஷனுக்குப் பணம் செலவழிப்பதானால் இதற்குச் செலவழியுங்கள்.

குடியுரிமை வாங்கும் யோசனை இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். ஆண்களுக்கு ராணுவச் சேவை உண்டு, குறைந்தது 165 நாள். தேர்ந்த விளையாட்டு வீரர்களுக்கு ஹெல்சிங்கியின் சாந்தஹமினா தீவில் தனிப் பள்ளியே ராணுவம் நடத்துகிறது. பயப்பட ஒன்றுமில்லை.

மேல்நிலைப் படிப்புக்கான விண்ணப்பத்தில் ஏழு இடங்கள் வரை வரிசைப்படுத்தலாம். ஹெல்சிங்கியின் மாக்கெலான்ரின்னெ விளையாட்டு லூகியோவை மேலே போடட்டும். காலைப் பயிற்சி அங்கே பள்ளி நேரத்திலேயே நடக்கும், சேர்க்கையில் பள்ளி மதிப்பெண்ணோடு விளையாட்டுக்கும் புள்ளி உண்டு. போட்டி கடுமை, அதனால் கீழே வீட்டுக்கு அருகில் உள்ள சாதாரண லூகியோக்களையும் போட வேண்டும். வரிசையை அவனே போடட்டும். போடும்முன் பள்ளியின் மாணவர் ஆலோசகரை நீங்களும் அவனும் சேர்ந்தே போய்ப் பாருங்கள், அண்ணனுக்கு அதற்கு அப்புறம் போன் செய்தால் போதும்.