பழைய வண்டியும் மலைப்பாதையும்: வாசகர் கேள்வி – பதில்

பழைய ஜீப், ஜிப்ஸி, பிக்கப் வண்டிகளை வீட்டிலேயே வேலை பார்த்துக் கரடுமுரடான பாதைகளுக்கு ஏற்றவையாக மாற்றுவது குறித்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் 1998-ஆம் ஆண்டின் மாருதி ஜிப்ஸி கிங் உள்ளது. அப்பா தோட்டத்துக்கு ஓட்டிய வண்டி. ஆக்சிலுக்கு (சக்கரங்களை இணைக்கும் அச்சு) கீழே இருக்கும் பிளேட் செட்டை (அடுக்கு வில் பட்டைகளை) மேலே மாற்றி 5 அங்குலம் உயர்த்தவும், 235/75 ஆர்15 டயர் போடவும் விரும்புகிறேன். வெல்டிங் மெஷின் வீட்டிலேயே இருக்கிறது. எதில் தொடங்கலாம்? – கோபிசெட்டிபாளையம் வாசகர்

வெல்டிங் மெஷினை ஓரமாக வைத்துவிட்டு, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி அடியில் படுத்துப் பார்ப்பதில் தொடங்குங்கள். ஸ்டாண்ட் என்று சொல்வது இரும்பு ஸ்டாண்டைத்தான். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக்கொடுத்து அடியில் நுழையும் பழக்கம் நம்மிடையே நிறைய உண்டு. அந்தக் கல் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நொறுங்கக்கூடியது. ஜாக்கியை மட்டும் நம்பிப் படுப்பதும் அதே அளவு ஆபத்தானது.

அடியில் போனதும், பிளேட்டின் கண் மாட்டியிருக்கும் தாங்கிகளைச் சுற்றியும் பாடி சேஸில் (வண்டியின் அடிச்சட்டம்) உட்காரும் இடங்களிலும் பழைய ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். தோட்டத்து வண்டிகளில் சேஸின் உட்புறம் சேறு அடைத்து, வெளியே பெயின்ட் நன்றாக இருக்கும்போதே உள்ளே துரு தின்றிருக்கும். முனை உள்ளே இறங்கினால் மற்ற எந்த வேலையும் அதற்குப் பிறகுதான். அடுத்து முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், சக்கரம் திரும்பும் அச்சில் உள்ள கிங்பின் பேரிங் அல்லது சக்கர மையத்தில் உள்ள ஹப் பேரிங் தேய்ந்திருக்கிறது. இந்தத் தேய்மானத்தைச் சரிசெய்யாமல் கனமான டயரை மாட்டினால், சாலையில் ஒரு சிறு பள்ளத்தில் விழுந்ததுமே ஸ்டியரிங் கையில் நிற்காமல் உதறத் தொடங்கும்.

இனி உயர்த்தும் யோசனைக்கு வருவோம். ஜிப்ஸியில் பிளேட் ஆக்சிலுக்குக் கீழே இருப்பதால் அதை மேலே மாற்றினால் ஏறத்தாழ 5 அங்குலம் உயரும் என்பது உண்மைதான். ஆனால் உயர்வது பாடியும் சேஸும் மட்டுமே. பாதையின் நடுவில் துருத்தி நிற்கும் கல்லில் முதலில் இடிக்கும் கிரவுன் ஹவுசிங் (ஆக்சிலின் பற்சக்கரங்களை மூடிய உருண்டைக் கூடு) முன்பிருந்த அதே உயரத்தில்தான் இருக்கும். அதை மேலே தூக்கக்கூடியது டயரின் விட்டம் ஒன்றே. மேலும், பிளேட்டை மேலே கொண்டுபோக ஆக்சில் குழாயில் புதிய தாங்கிகளை வெல்டிங் செய்ய வேண்டும். சூடு ஒரே பக்கம் பாய்ந்தால் குழாய் வளையும். கோணம் சிறிது பிசகினாலும் ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுபோகும் ஜாயின்ட் ஷாஃப்ட்டின் கிராஸ் (மூட்டு) சீக்கிரமே உடையும். ஆக்சிலுக்கு மேல் உட்கார்ந்த பிளேட் ஏற்றத்தில் இழுக்கும்போது முறுக்கிக்கொள்வதால், அந்தச் சுமையும் கிராஸ் மீதே விழுகிறது. ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ராடு சாய்ந்துவிடுவதால், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வண்டி தானாக ஒரு பக்கம் திரும்பும். இதைச் சரிக்கட்ட அந்த ராடையே வெட்டி வளைத்து வெல்டிங் செய்து தரும் பட்டறைகள் உண்டு. அந்த வெல்டிங் விட்டால் ஸ்டியரிங்கே இல்லை என்பதால், அதை ஒருபோதும் ஏற்காதீர்கள். பிரேக் ஹோஸ்களும் நீளம் போதாமல் இழுபடும். குறுகலான ஜிப்ஸி 5 அங்குலம் உயர்ந்தபின் சரிவில் குறுக்காகப் போகும்போது கவிழ்வதற்கு எவ்வளவு நெருங்கும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

டயர் கணக்கையும் போட்டுவிடலாம். கம்பெனி தந்த 205/70 ஆர்15 டயரின் விட்டம் 668 மி.மீ. நீங்கள் கேட்கும் 235/75 ஆர்15 ஏறத்தாழ 734 மி.மீ. கூடுதலில் பாதிதான் தரை இடைவெளியாகக் கிடைக்கும் என்பதால் உங்கள் லாபம் 33 மி.மீ. மட்டுமே. அதற்கு ஈடாக எல்லா கியரும் 10 விழுக்காடு நீண்டுவிடும். கார்புரேட்டர் வைத்த 1300 சிசி இன்ஜின் ஏற்றத்தில் திணறும். இறக்கத்தில் இன்ஜின் பிடிமானம் குறையும். பிரேக்கை இன்னும் அழுத்தி மிதிக்க நேரும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-இல் போய்க்கொண்டிருக்கும்.

எங்கள் கருத்தில் உங்கள் பணம் போகவேண்டிய இடம் வேறு. இத்தனை ஆண்டில் பிளேட்டுகள் தொய்ந்திருக்கும். பழையதையே தட்டி வளைவேற்றித் தருவதாகப் பிளேட் பட்டறையில் சொல்வார்கள். உலையில் காய்ச்சி வளைத்தால் உருக்கின் பதம் போய்ச் சில மாதங்களில் மீண்டும் தொய்யும். கம்பெனி அளவிலேயே புதிய பிளேட் செட், புதிய புஷ், புதிய ஷேக்கிள் (பிளேட்டின் நுனியைச் சேஸோடு இணைக்கும் தொங்கு இணைப்பு) பின், நல்ல ஷாக் அப்சார்பர் ஆகியவற்றை மாட்டினால் வண்டி இழந்திருந்த உயரம் திரும்பக் கிடைக்கும். சக்கரமும் தரையோடு ஒட்டி நகரும். பிளேட்டை ஆக்சிலோடு கட்டும் யு-போல்ட்டை மட்டும் மறுபடி பயன்படுத்தாதீர்கள். அது ஒருமுறை இழுத்து முடுக்கியதும் நீண்டுவிடும் பொருள். புதிதாக வாங்கி, ஓரளவு ஓட்டியபின் மீண்டும் ஒருமுறை முடுக்குங்கள். நீண்ட ஷேக்கிள் போட்டால் உயரும் என்று யாரேனும் சொல்லக்கூடும். ஒரு அங்குலம் நீட்டினால் அரை அங்குலம்தான் உயரும். முன்பக்கத்தில் அப்படிச் செய்தால் ஸ்டியரிங் நேர்கோட்டில் நிற்காமல் அலையும்.

கேள்வி: போடி பக்கம் எஸ்டேட் வேலைக்கு பொலேரோ கேம்பர் நான்கு சக்கர ஓட்ட வண்டி வைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் காலியாக ஏறும்போது பின் சக்கரம் ஒன்று மட்டும் சுழல்கிறது, வண்டி நகர்வதில்லை. இன்னும் இரண்டு பிளேட் சேர்த்தால் சரியாகும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?

வேண்டாம், நிலைமை மோசமாகும். சுமைக்காகக் கட்டிய பின் பிளேட் காலி வண்டியில் ஏற்கெனவே இறுக்கமாக இருக்கிறது. பாதை மேடுபள்ளமாகும்போது அது வளைந்து கொடுக்காததால் ஒரு சக்கரத்தின் மேலிருந்து எடை போய்விடுகிறது. பூட்டு இல்லாத சாதாரண டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பற்சக்கரத் தொகுதி) எளிதாகச் சுழலும் சக்கரத்தைச் சுழலவிட்டு, பிடிமானமுள்ள சக்கரத்துக்கும் அதே சிறிய விசையை மட்டுமே தருவதால் வண்டி நின்றுவிடுகிறது. இன்னும் இரண்டு பிளேட் சேர்த்தால் சக்கரம் இன்னும் விரைவாகத் தூக்கிக்கொள்ளும்.

உண்மையில் முன் சக்கரங்களுக்கு இழுவை போகிறதா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். சமதளத்தில் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கை பிரேக் போட்டு, ஒரு முன் சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். இன்ஜினை நிறுத்திய நிலையில் வண்டியை நான்கு சக்கர ஓட்டத்தில் போட்டு, தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சிறிது ஆட்டத்துக்கு மேல் சுழலக் கூடாது. தாராளமாகச் சுழன்றால் முன் ஹப் பூட்டவில்லை, அல்லது முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் இணையவில்லை; உங்கள் சிக்கல் பிளேட்டில் இல்லை. ஆண்டுக்கணக்கில் நான்கு சக்கர ஓட்ட நெம்புகோலைத் தொடாத வண்டிகளில் இது அடிக்கடி காணும் குறை.

இணைப்பு சரியாக இருந்தால், பின் ஆக்சிலுக்கு நேர் மேலே மணல் மூட்டைகளைப் படுக்கவைத்து இறுக்கிக் கட்டுங்கள். காலியாக ஏறுவதற்கு முன் டயரின் காற்றை 25 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்குங்கள். சுமைக்கென்று நிரப்பிய காற்றோடு ஏறினால் டயர் சேற்றில் பதியாமல் வழுக்கும். தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி நிரப்ப, பேட்டரியில் ஓடும் சிறிய கம்ப்ரசர் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்காரர்களைக் கவனித்திருப்பீர்கள்: லோ கியரில், ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் பிடித்து, எந்தக் கல்லின் மேல் எந்தச் சக்கரம் ஏறவேண்டும் என்று பார்த்துப் போகிறார்கள். அந்த ஓட்டத்துக்குத் தேவையான பொருள் எல்லாம் உங்கள் வண்டியில் கம்பெனியிலேயே கொடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: பழைய மஹிந்திரா எம்எம்540 ஜீப் ஒன்று விலைக்கு வருகிறது. வேறு கம்பெனியின் டர்போ டீசல் இன்ஜின் ஏற்றி, முன்னால் பெரிய இரும்பு பம்பரும் மேலே விளக்குகளும் வைத்திருக்கிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் பழைய இன்ஜின் எண்தான் இருக்கிறது. "எல்லாம் பாஸ் ஆகிவிடும்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா? – சேலம் வாசகர்

வாங்காதீர்கள். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்றில் உள்ளவை மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரள உயர் நீதிமன்றத்தின் தளர்வான தீர்ப்பு ஒன்றை மாற்றி, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். முன்னால் இருக்கும் இரும்பு பம்பரைச் சட்டவிரோதமான பொருத்தம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. தேடுவிளக்கு வகை விளக்குகளுக்கும் பதிவு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும்.

அபராதத்தைக் கட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் காப்பீட்டை மறந்துவிடுகிறார்கள். இன்ஜின் எண்ணே பொருந்தாத வண்டியில் விபத்து நேர்ந்தால் இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்கு வேறு காரணம் தேவையில்லை. தனியார் வண்டிக்கு 15 ஆண்டுக்குப் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது ஆய்வாளர் சேஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். அன்று விற்றவர் உங்களுடன் நிற்கமாட்டார். இன்ஜின் தேய்ந்த எம்எம்540 கிடைத்தால் அதே வகை இன்ஜினை வட்டாரப் போக்குவரத்து அலுவலக அனுமதியோடு மாற்றி, புதிய எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்வதே நேரான வழி.

முதல் கேள்வியில் உயரத்தைத் தொடவேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். புதிய புஷ், அனுமதித்த அளவிலேயே ஆழமான பட்டன் கொண்ட டயர், ப்ரீதர் (ஆக்சிலின் காற்றுத் துளை) குழாய், கம்ப்ரசர் போன்றவை ஆர்.சி.யில் எழுதியிருக்கும் எதையும் மாற்றுவதில்லை.

கேள்வி: ஓடை கடப்பதற்கு பிவிசி குழாயில் நானே ஸ்நார்க்கெல் (இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று தரும் குழாய்) செய்து பொருத்தலாமா?

செய்யலாம்தான், ஆனால் இணைப்புகள் முழுமையாக அடைபடாவிட்டால் ஓடையில் தண்ணீரையும் மற்ற நாட்களில் வடிகட்டாத புழுதியையும் இன்ஜின் உறிஞ்சிக்கொண்டிருக்கும். மேலும் காற்று போகும் வழி மட்டும் உயர்ந்துவிட்டதால் வண்டி ஆழத்துக்குத் தயாராகிவிடாது. பெட்ரோல் வண்டியில் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி நனைந்தாலே இன்ஜின் நின்றுவிடும்; பெல்ட்டில் ஓடும் ஃபேன் தண்ணீரில் முங்கினால் இதழ் வளைந்து ரேடியேட்டரைக் கிழிக்கலாம்.

பலர் கவனிக்காதது ஆக்சிலின் ப்ரீதர். ஓடிச் சூடான ஹவுசிங் திடீரெனக் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கிறது. ப்ரீதரில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி இன்ஜின் அறையின் மேற்பகுதி வரை கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். சில நூறு ரூபாய் வேலை. ஓடை கடந்த நாளின் மறுநாள் காலை, வண்டியை அசைப்பதற்கு முன் ஹவுசிங்கின் கீழ்ப் போல்ட்டை மெல்லத் தளர்த்திப் பாருங்கள். இரவில் தண்ணீர் அடியில் தங்கியிருக்கும் என்பதால் அதுதான் முதலில் சொட்டும். எண்ணெய் பால்காபி நிறத்தில் வந்தால் முழுவதையும் மாற்றவேண்டும்.

கடப்பதற்கு முன் இறங்கி நடந்து பாருங்கள். தண்ணீர் சக்கரத்தின் மையத்துக்கு மேல் இருந்தால் கடக்காதீர்கள். நடக்கும் வேகத்தில் போங்கள். கரையேறியதும் பிரேக்கை மென்மையாகச் சில முறை மிதித்து டிரம்மைக் காயவிடுங்கள். தண்ணீருக்குள் இன்ஜின் நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்யக்கூடாது. சிலிண்டரில் தண்ணீர் புகுந்திருந்தால் அது அமுங்காது, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடுதான் வளையும். வெளியே இழுத்து, பிளக்கைக் கழற்றியபின் சுற்றிப் பாருங்கள்.

கேள்வி: வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பிச் சுருள் கருவி) அவசியமா?

தனியாகப் போகிறவர்களுக்கு உதவும், ஆனால் அது முன்பக்கத்தில் கூடுதல் எடையையும் மேலே சொன்ன சட்டச் சிக்கலையும் கொண்டுவரும். இரண்டு வண்டிகளாகப் போவதும், நல்ல இழுவைப் பட்டை ஒன்றும் 4.75 டன் டி-ஷேக்கிள் (பட்டையை மாட்டும் இரும்பு வளையம்) இரண்டும் வைத்திருப்பதும் பெரும்பாலான சமயங்களில் போதும். பட்டையை மாட்டும் கொக்கி சேஸில் உயர்தர போல்ட்டால் முடுக்கியதாக இருக்கவேண்டும். பம்பரிலோ டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டையிலோ மாட்டினால் அது பிய்ந்து பறந்து ஆளைக் கொல்லக்கூடும். இழுக்கும்போது பட்டையின் நடுவில் நனைந்த சாக்கு ஒன்றைப் போட்டுவிட்டு, வேடிக்கை பார்ப்பவர்களைப் பட்டையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.