32 என்று தொடங்கும் தகடு

கேள்வி: ஓசூரில் என் மாமனார் நடத்திவந்த காயலான் கடையைக் காலி செய்தபோது, மூன்றடி நீள அலுமினியத் தகடு ஒன்று கிடைத்தது. உள்பக்கம் மஞ்சள் கலந்த பச்சைப் பூச்சு, வரிசையாக ரிவெட்டுகள், ஒரு மூலையில் 32 என்று தொடங்கும் எண். நடுவில் யாரோ ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். பெங்களூரிலிருந்து வந்த போர் விமானத்தின் பாகம் என்று மாமனார் சொல்வார். உண்மையாக இருக்குமா? ஒட்டைப் பிரித்து, நெளிவை எடுத்து, உடைந்த விளிம்பைப் புதிதாகச் செய்து பழையபடி ஆக்க ஆசைப்படுகிறேன். புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கத் தொடங்கியிருக்கிறேன்.

பதில்: முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். பித்தளைக் குடத்துக்குப் புளி சரி. விமானத் தகட்டின் மேல் சுத்த அலுமினியத்தால் ஆன மெல்லிய உறை இருக்கும். உள்ளிருக்கும் கலப்பு உலோகத்தை அரிப்பிலிருந்து காப்பது அதுதான். உப்பும் புளிப்பும் அதைத் தின்றுவிடும். கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். இரும்புத் துகள் பதிந்த இடமெல்லாம் வெள்ளையாகப் பூக்கும். நல்ல தண்ணீர், மிதமான சோப்பு, நைலான் பிரஷ் போதும். அந்த மஞ்சள் பச்சைப் பூச்சு பெரும்பாலும் துத்தநாகக் குரோமேட். நஞ்சு. உப்புத்தாள் போட்டு அதன் தூளைக் கிளப்பிவிடாதீர்கள்.

உங்கள் மாமனார் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவின் கன்சாலிடேட்டட் நிறுவனம் விமானத்தின் மாடல் எண்ணையே பாக எண்ணின் தொடக்கமாக வைத்தது. 32 என்றால் பி-24 லிபரேட்டர், நான்கு எஞ்சின் கொண்ட குண்டுவீச்சு விமானம். 28 என்றிருந்தால் கேட்டலினா, போர்க்காலத்தில் சென்னை செங்குன்றம் ஏரியில் இறங்கிய பறக்கும் படகு. ஆனால் 32 என்பதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. லிபரேட்டரைச் சரக்கு விமானமாக மாற்றிக் கட்டிய சி-87 வகையிலும் அதே எண் உண்டு.

எண்ணைப் படிக்க மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுங்கள். இருட்டில் டார்ச்சைத் தகட்டோடு படுக்கவைத்து அடித்தால் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் எழும். பிறகு ரிவெட் தலைகளைப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவு குழி இருந்தால், அது அமெரிக்க விமானங்களில் மிகப் பரவலாகப் பயன்பட்ட ரிவெட் வகை. தகட்டின் கனத்தை மைக்ரோமீட்டரில் அளந்து 0.81 அல்லது 1.02 மில்லிமீட்டர் வந்தால், அவை விமானத் தகட்டுக்கு 0.032, 0.040 அங்குலம் என்ற வழக்கமான அளவுகள். அடிபட்ட நெளிவு அல்லாமல், தகடு முழுக்க ஒரே சீராக வரிவரியாக மடிந்திருந்தால் எனக்கு இன்னும் மகிழ்ச்சி, அது குண்டு அறைக் கதவாக இருக்கலாம். லிபரேட்டரின் குண்டு அறைக் கதவுகள் வெளியே விரியாமல், கடை ஷட்டர் போல விமானத்தின் வயிற்றுப் பக்கவாட்டில் சுருண்டு ஏறுபவை.

இனி அந்த ஒட்டு. அதைப் பிரிக்காதீர்கள் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பெங்களூர் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலை 1943 முதல் அமெரிக்க விமானப்படையின் பழுதுபார்ப்பு மையமாக இருந்தது. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் படை தன் லிபரேட்டர்களைக் கான்பூரில் நிறுத்தி, மறுபடி பறக்கக் கூடாது என்று வேண்டுமென்றே சேதப்படுத்திவிட்டுப் போனது. அந்தக் குப்பையிலிருந்து ஏறத்தாழ 40 விமானங்களைப் பெங்களூர்த் தொழிலாளர்கள் மீட்டார்கள். பறக்கும் அளவுக்கு மட்டும் கான்பூரில் ஒட்டுப்போட்டு, பெங்களூருக்கு ஓட்டிவந்து, அங்கே முழுமையாகச் சீராக்கினார்கள். 1948 நவம்பரில் இந்திய விமானப்படையின் முதல் லிபரேட்டர் பிரிவு உருவானது. 1968 வரை அவை பறந்தன. இன்று பிரிட்டன், அமெரிக்கா, கனடா அருங்காட்சியகங்களில் நிற்கும் லிபரேட்டர்களில் சில இந்தியாவிலிருந்து போனவை. இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஆகவே உங்கள் தகட்டில் உள்ள ஒட்டு அந்தப் பெங்களூர்த் தொழிலாளர்களில் ஒருவரின் கைவேலையாக இருக்கலாம். பிற்காலத்தில் தகட்டைத் தண்ணீர்த் தொட்டிக்கோ கூரைக்கோ பயன்படுத்தியவர் போட்டதாகவும் இருக்கலாம். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. விமான வேலை தெரிந்தவர் ஒட்டின் மூலைகளை வளைவாக மழுக்குவார். கூர் மூலையிலிருந்துதான் விரிசல் ஓடும். ரிவெட்டின் நடுவிலிருந்து விளிம்புவரை குறைந்தது அதன் விட்டத்தைப் போல இரு மடங்கு இடம் விடுவார். பின்பக்கம் அடித்து நசுக்கிய தலை, தண்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமும் அரை மடங்கு உயரமும் இருக்கும். வரிசை முழுக்க அந்த அளவு மாறாது. முப்பது ஆண்டு தகட்டுப் பட்டறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒழுங்கு தற்செயலாக வராது. கூர் மூலையும் கோணல் தலைகளும் இருந்தால் அது வேறு கை.

நெளிவை எடுக்க டிங்கரிங் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டாம். கார் கதவு போல இது வளைந்து கொடுக்காது. கெட்டிப்படுத்திய உலோகம், 80 ஆண்டு வயது. தட்டினால் மடிப்பு வழியே கீறும். பறக்கப்போகும் விமானத்தைக் கட்டுபவர்கள்கூட இப்படிப்பட்ட பழைய தகட்டைப் பெரும்பாலும் மாதிரியாக வைத்துக்கொண்டு புதிதாகத்தான் செய்வார்கள். மென்மையாக்கிய தகட்டை மர அச்சில் தட்டி வளைத்து, சுமார் 493 டிகிரி செல்சியஸில் காய்ச்சி, உடனே நீரில் அமிழ்த்திக் கெட்டிப்படுத்துவது அந்த முறை. அந்தச் சூட்டைத் துல்லியமாகப் பிடிக்க உலை வேண்டும், வீட்டில் முடியாது.

உங்களுக்கு அது தேவையும் இல்லை. சுவரில் மாட்டத்தானே போகிறீர்கள். உடைந்த விளிம்பின் வடிவத்தை அட்டையில் வெட்டி, அதை வைத்துத் தேக்கில் அச்சு செய்து, சாதாரண அலுமினியத் தகட்டில் விடுபட்ட துண்டைச் செய்யுங்கள். அதைப் பழையதோடு ரிவெட் செய்யாதீர்கள். புதிய துளை ஒன்றுகூடப் போடாமல், பின்னால் ஒரு தாங்குசட்டம் வைத்துப் பக்கத்தில் பொருத்துங்கள். புதுத் துண்டின் பின்புறம் செய்த ஆண்டைப் பொறித்துவிடுங்கள், நாளை பார்ப்பவர் குழம்பாமல் இருக்க.

கடையில் பழைய அளவுமானிகள் ஏதும் கிடைத்தால், இருட்டில் ஒளிரும் முள்ளும் எண்ணும் கொண்டவற்றைத் திறக்கவே கூடாது. அது கதிரியக்கம் கொண்ட ரேடியப் பூச்சாக இருக்கக்கூடும்.

பென்சில் படியையும், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த படங்களையும் அனுப்புங்கள். ஒட்டின் பின்பக்கத் தலைகளை நெருக்கத்தில் எடுங்கள். எண் முழுதாகத் தெரிந்தால் லிபரேட்டரின் பாகப் பட்டியலோடு ஒப்பிட்டு, இது இறக்கையா உடலா என்று தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.